தேவாங்கும் நாற்பத்திரண்டு மரியாதைகளும்

ஒரு காட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சிங்கம் கிடையாது. கதை என்றால் சிங்கம் வரும் என்று நம்பி உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இந்தக் காட்டுக்குத் தலைவர் ஒரு காட்டெருமை. பெயர் வீரபாகு. கொம்பும் பெரிது, கோபமும் பெரிது. மற்ற பிராணிகளையெல்லாம் 'அது' 'இது' என்று சொல்லப்போகும் நான் அவரை மட்டும் 'அவர்' என்பேன். எனக்கு எதற்கு வம்பு?

கோடை வந்தால் அந்தக் காட்டில் எல்லாக் குட்டைகளும் வற்றி ஒரு குளம் மட்டும் மிஞ்சும். முன்பெல்லாம் அங்கே யார் முதலில் குடிப்பது என்று அடிதடி நடக்கும். கொம்பு உள்ளவை குடிக்கும், கொம்பு இல்லாதவை வேடிக்கை பார்க்கும். இது நாகரிகம் இல்லை என்று தலைவர் முடிவு செய்து, தண்ணீர் முறைச் சீட்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். காலையில் அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். எத்தனை மணிக்குக் குளத்தில் வாய் வைக்கலாம் என்று அதில் அச்சடித்திருக்கும். குளக்கரையில் காட்டுப்பன்றிகள் காவல். சீட்டு இல்லாமல் ஒரு சொட்டு நக்க முடியாது. ஆக, கொம்பு உள்ளவையும் இல்லாதவையும் இப்போது ஒன்றாக வெயிலில் காய்ந்தன. இதற்குப் பெயர்தான் சமத்துவம் என்று தலைவர் மேடையில் சொன்னார். நல்ல கைதட்டல்.

சீட்டு அடிக்கும் கம்ப்யூட்டருக்கு எழுத்தராக இருந்தது ஒரு தேவாங்கு. பெயர் தணிகாசலம். கண் பெரிதாக இருக்கிறது, திரையைப் பார்க்க வசதி என்று வேலைக்கு எடுத்திருந்தார்கள். தேவாங்குக்குப் பகலில் கண் கூசும் என்பதை நேர்காணலில் யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் தணிகாசலத்துக்கும் இல்லை. நல்ல பிராணி. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குக் கையை நீட்டினால், அந்தக் கை போய்ச் சேருவதற்குள் நாம் ஒரு குளியல் போட்டுவிட்டு வந்துவிடலாம். அவ்வளவு நிதானம். அந்த நிதானம்தான் அதற்கு வினையாக வந்தது.

ஏனென்றால் கம்ப்யூட்டரும் நிதானம். காலை ஏழு மணிக்குத் தணிகாசலம் சுவிட்சைப் போடும். கடவுச்சொல்லை அடிக்கும். 'நல்வரவு' என்று எழுத்து வரும், கீழே ஒரு வட்டம் சுற்றும். அந்த வட்டத்தைப் பார்த்தவுடன் அலுவலகமே எழுந்து கரடியின் டீக்கடைக்குப் போய்விடும். முதலில் ஒரு டீ என்று ஆரம்பித்த வழக்கம், பிறகு டீயும் வடையும் ஆகி, இப்போது மூன்று டீயும் ஊர்வம்பும் என்று வளர்ந்திருந்தது. எல்லோரும் ஒன்பதே முக்காலுக்குத் திரும்பி வந்தால் சீட்டு அடிக்கும் பக்கம் திறந்திருக்கும். நடுவில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை வெயில் எக்கச்சக்கம். வரிசையில் முதலில் நின்றது செங்கமலம் என்ற முள்ளம்பன்றி. தினமும் அதுதான் முதலில் வந்து நிற்கும். அதன் முதுகில் இருக்கும் முள்ளைவிட வாயில் இருப்பது கூர்மை.

"ஏந்தம்பி, உனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரே நட்சத்திரமா? ரெண்டும் ஒண்ணு போல அசையுதே!" என்றது.

வரிசை சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்ற ஒரு மிளா மான் கன்று கால் மடங்கி விழுந்தது. தாகம். அதன் தாய் நக்கி நக்கி எழுப்பியது. சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்து சேர்ந்தார்.

"என்னய்யா இது? பெட்டி லேட்டா, நீ லேட்டா?" என்று கேட்டார்.

"பெட்டிதாங்க ஐயா" என்றது தணிகாசலம்.

"பெட்டியைப் போடுறது யாரு?"

"நாந்தாங்க."

"அப்ப நீதான்."

விசாரணை முடிந்தது. தீர்ப்பும் உடனே வந்தது. "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்தப் பெட்டி சட்டுனு திறக்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை நீ சதுப்புக் கிளையில போய் வேலைக்குச் சேந்துக்கோ."

சதுப்புக் கிளை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். காட்டின் தெற்கு மூலையில் ஒரு சேற்று நிலம். அங்கே மரம் கிடையாது. கிளை மேலாளர் ஒரு முதலை. இதுவரை மூன்று எழுத்தர்களை மாற்றலில் அனுப்பினார்கள்: ஒரு முயல், ஒரு காட்டுக்கோழி, ஒரு கேழை ஆடு. சேர்ந்த மறுநாளே மூன்று இடமும் காலி என்று முதலையிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று பேருக்கும் ஒரே வாசகத்தில் இரங்கல் தீர்மானம் போட்டார்கள். பெயரை மட்டும் மாற்றினார்கள். நான்காவது தீர்மானமும் பெயருக்கு இடம் விட்டுத் தயாராக இருப்பதாகப் பேச்சு.

தணிகாசலம் முதலையை நினைத்துப் பார்த்தது. பயந்துபோயிற்று. நீந்தத் தெரியாது, ஓடவும் தெரியாது. ஓடத் தெரிந்த முயலே அங்கிருந்து திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காடே வைத்தியராகிவிட்டது. அணைத்துவிட்டுத் திரும்பப் போடு என்றது ஒன்று. போட்டார்கள். ஒன்பதே முக்காலுக்குத் திறக்க வேண்டியது பன்னிரண்டரைக்குத் திறந்தது. கண்ணேறு பட்டிருக்கிறது என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டது இன்னொன்று. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் திரையின் பாதியை ஏற்கெனவே மறைத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதிக்கு முன்னால் இப்போது எலுமிச்சம்பழம் ஆடியது.

பிறகு நரியைக் கூப்பிட்டார்கள். அதுதான் அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ். தோளில் பை மாட்டிக்கொண்டு வந்தது. பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டது. "உம்" என்றது. பின்பக்கம் போய் முகர்ந்து பார்த்தது. மறுபடியும் "உம்" என்றது.

"என்ன சார் ஆச்சு?" என்று கேட்டது தணிகாசலம்.

"மெமரி பத்தல. வைரஸும் இருக்கு. ஃபேன்ல தூசி. எல்லாத்தையும் பாத்துடுறேன், நீங்க ஒரு டீ சொல்லுங்க."

நரி எல்லாவற்றையும் பார்த்தது. தூசியைத் தட்டியது. வைரஸ் பிடிக்க ஒரு காவல்காரனைப் பெட்டிக்குள் ஏற்றியது. புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் போட்டால் ஒன்பது ஐம்பத்தைந்துக்குத்தான் திறக்கும் நிலை வந்தது. நரி கைவைத்ததில் பத்து நிமிடம் கூடியிருந்தது.

நரி ஏமாற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. பழைய கதைகளில் நரிக்கு மூளை இருந்தது, பாவம், அதை வைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு பை இருந்தால் போதும்.

புதன்கிழமை காலை. தணிகாசலம் சுவிட்சைப் போட்டது. கடவுச்சொல்லை அடித்தது. வட்டம் சுற்றியது. வழக்கம்போல எல்லோரும் எழுந்து டீக்கடைக்குப் போனார்கள். தணிகாசலம் மட்டும் போகவில்லை. முதலையை நினைத்து நினைத்து அதற்கு டீ இறங்கவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை விலக்கி, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அந்த வட்டத்துக்குப் பிறகு என்ன வருகிறது என்று பார்த்த முதல் பிராணி அதுதான்.

வட்டம் பத்து விநாடிதான் சுற்றியது. நின்றுவிட்டது.

பிறகு திரையில் தலைவர் வீரபாகு வந்தார். மாலையும் கழுத்துமாக, கொம்பில் ஜரிகையோடு, 'காட்டின் விடிவெள்ளியே, வருக வருக' என்ற எழுத்தோடு ஐந்து நிமிடம் நின்றார். அவர் போனதும் மயில் வந்து ஆடியது. முழு ஆட்டம். ஆடி முடித்து வணங்கிவிட்டு, ரசிகர்கள் கேட்டுக்கொண்டதைப் போல மறுபடியும் முதலிலிருந்து ஆடியது. அடுத்து மந்திகள் சங்கத்தின் வட்டார மாநாட்டுக்கு அழைப்பு. மாநாடு நடந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. அடுத்து இருவாச்சிப் பறவை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. அந்த மணமக்களுக்குப் பேரன் பேத்தி பிறந்தாகிவிட்டது. முன்னாள் தலைவர் யானைக்குப் பிறந்தநாள் வாழ்த்து. உடனே அதே யானைக்குக் கண்ணீர் அஞ்சலி. ஆந்தையின் பஞ்சாங்கம், போன வருடத்தையது. அணிலின் இன்றைய சிந்தனை. தேதி மட்டும் மாறும், சிந்தனை மாறாது. இப்படி ஒன்று முடிந்து ஒன்று, ஒன்று முடிந்து ஒன்று. கடைசியாக நேற்றுப் புதிதாக ஏறிய 'பழுதா? நரியை அழையுங்கள்' என்ற விளம்பரம். தணிகாசலம் விரலை மடக்கி எண்ணியது. மொத்தம் நாற்பத்திரண்டு.

ஸ்பீக்கர் ஒயரை எப்போதோ எலி கடித்துவிட்டதால் சத்தமும் இல்லை. காலியான அறையில், காலி நாற்காலிகளுக்கு முன்னால், மயில் ஊமையாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது, இத்தனை வருடமாக.

இதெல்லாம் எப்படி உள்ளே போயிற்று என்பது தணிகாசலத்துக்கு இப்போது ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் வந்த புதிதில் திறப்பு விழா வைத்தார்கள். பெட்டியைப் போட்டதும் தலைவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று அவர் படத்தை ஏற்றினார்கள். அவருக்கு வைத்தால் எனக்கு இல்லையா என்று மயில் கேட்டது. மயிலுக்குக் கொடுத்ததை மந்திக்கு மறுக்க முடியுமா? மறுத்தால் மனஸ்தாபம். மனஸ்தாபம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். சேர்த்ததற்குச் சால்வை போட்டார்கள். எடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

அன்று மதியம் சீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு, தணிகாசலம் பெட்டிக்குள் துழாவித் துழாவி ஒரு பட்டியலைக் கண்டுபிடித்தது. பெட்டி திறந்ததும் தானாக ஓட வேண்டியவை எவை என்று அதில் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக். தணிகாசலம் தன் நிதானமான கையால் ஒவ்வொரு டிக்காக எடுத்தது. நாற்பத்திரண்டையும் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டது.

பதினோரு விநாடி.

தணிகாசலம் நம்பவில்லை. மறுபடியும் அணைத்துப் போட்டது. மறுபடியும் பதினோரு விநாடி. அதற்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கண்ணில் அழுகை வந்தால் கொஞ்ச நஞ்சமாகவா வரும்? மேசை நனைந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுவிட்ச். ஏழு மணி பதினோரு விநாடிக்குச் சீட்டுப் பக்கம். எட்டு மணிக்குள் வரிசையில் நின்ற அத்தனை பிராணிகளுக்கும் சீட்டு கிடைத்துவிட்டது. மிளாக் கன்று வயிறு முட்டக் குடித்துவிட்டுக் குளக்கரையில் துள்ளியது. செங்கமலம் குடித்துவிட்டுத் திரும்பி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது.

"தம்பி, உங்கை அதே வேகந்தான். பெட்டிதான் திருந்திடுச்சு. நல்லா இரு" என்றது.

நல்லா இருக்க விட்டார்களா? எட்டரைக்கெல்லாம் டீக்கடையில் கூட்டம் இல்லை. கரடி இரண்டாவது அடுப்பை அணைத்துவிட்டுக் காரணம் கேட்க வந்தது. கரடியோடு பேச்சுக்கொடுத்துக்கொண்டே மயிலும் வந்தது.

"எப்படிய்யா இவ்வளவு சீக்கிரம் திறக்குது?" என்று மயில் கேட்டது.

தணிகாசலம் சந்தோஷத்தில் இருந்தது. சந்தோஷத்தில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. அது திறந்தது. "தேவையில்லாததை எல்லாம் எடுத்துட்டேங்க."

"எதையெதை?"

தணிகாசலம் சொன்னது.

மயிலின் தோகை தானாக விரிந்தது. மழைக்காக அல்ல. "நான் தேவையில்லாததா?"

"ஐயோ, நீங்க இல்லீங்க. உங்க ஆட்டம். அது மூணு பேர் தண்ணி குடிக்கிற நேரத்தை எடுத்துக்குதுங்க. நீங்களே அதை ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா? டீக்கடையிலதான இருப்பீங்க?"

"பாக்கணும்னு என்ன இருக்கு? அது இருக்கணும்!" என்றது மயில்.

அரை மணி நேரத்தில் காடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தேவாங்கு தலைவர் படத்தைத் தூக்கிவிட்டது. யானைக்குப் போட்ட கண்ணீர் அஞ்சலியைக்கூட விட்டுவைக்கவில்லை. இருவாச்சி, 'எங்க கல்யாணமே நடக்கலேங்கிறாரா?' என்று கேட்டு அழுதது. அன்று பிற்பகலே மருதமரத்தடியில் விசாரணைக் கூட்டம் கூடியது.

கூட்டம் மூன்று மணிக்கு என்று சொன்னார்கள். நாலு மணி வரை யாரும் பேசவில்லை. யார் முதலில் பேசுவது என்று முடிவாகவில்லை. முதலில் பேசுவது பொடிசுகளின் வேலை. பெரியவர்கள் பேசுவது கடைசியில். இது அந்தக் காட்டில் எல்லாக் கூட்டத்துக்கும் உள்ள முறை. வரவேற்புரை என்று அணிலை மேடையில் ஏற்றிவிட்டார்கள், அது வாலை ஆட்டிவிட்டு இறங்கியது. இரண்டாவதாகப் பெயர் கூப்பிட்டதும் மந்திக்கு முகம் கறுத்துவிட்டது. "எனக்கு முன்னால பேச இங்க அணில் மட்டுந்தானா? நான் என்ன அவ்வளவு மலிவா?" என்று எழுந்து போகப் பார்த்தது. கையைப் பிடித்து உட்காரவைத்து, அதன் பெயரைக் கொஞ்சம் கீழே தள்ளினார்கள். மேலே இருந்த பெயரைக் கீழே தள்ளியதும் அதன் முகம் மலர்ந்தது. எல்லோருக்கும் கடைசியாக, சிறப்புரை என்று சொல்லி, தலைவர் வீரபாகு எழுந்தார்.

குற்றவாளிக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்த தணிகாசலம் இதையெல்லாம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

தலைவர் தீர்ப்பைச் சொன்னார். நாற்பத்திரண்டும் இன்றைக்கே பழையபடி ஏற வேண்டும். இந்த விசாரணையை நல்லபடியாக நடத்திய குழுவுக்கு ஒரு நன்றி அறிவிப்பு, நாற்பத்து மூன்றாவது. தேவாங்கு தணிகாசலத்தின் படத்தோடு ஒரு மன்னிப்பு, நாற்பத்து நான்காவது.

"ஐயா, அப்ப அந்த வெள்ளிக்கிழமைக் கெடு?" என்று தணிகாசலம் கேட்டது.

"அது அப்படியேதான். நாங்க எல்லாரும் அதுல இருக்கணும். பெட்டியும் சட்டுனு திறக்கணும். நாளைக்குச் சாயங்காலம் நான் வந்து பாப்பேன்."

முதலைக் கிளையில் மறுநாளே சமையலுக்கு ஏற்பாடு நடப்பதாகச் சொன்னார்கள். வதந்தியாகத்தான் இருக்கும். ஆனாலும் தணிகாசலத்தின் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெட்டி திறக்கப் பத்தே கால் ஆனது. வரிசை முனகியது. தணிகாசலம் ஒரு பெரிய அட்டையைக் கொண்டுவந்து வரிசைக்கு எதிரே சாத்தி வைத்தது. அதன் மேல் 'கம்ப்யூட்டர் தொடக்க நிகழ்ச்சி நிரல்' என்று தலைப்பு. அதற்குக் கீழே, திரையில் வரும் வரிசைப்படியே, யாரையும் விடாமல், பொய் ஒன்றும் சேர்க்காமல், நாற்பத்து நான்கு பெயர்கள். முதல் பெயர்: தலைவர் வீரபாகு. நாற்பத்து நான்காவது பெயர்: தேவாங்கு தணிகாசலம்.

பிறகு செங்கமலத்திடம் போய், "அக்கா, எனக்குப் பகல்ல கண்ணு சரியாத் தெரியாது. எழுத்துப் பிழை இருக்கான்னு கொஞ்சம் சத்தமா வாசிச்சுப் பாருங்களேன்" என்றது.

செங்கமலத்திடம் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டுமா? டீக்கடை வரை கேட்டது.

"மொதல்ல தலைவர் வீரபாகு. ஓகோ, தலைவர்தான் வரவேற்புரையா? அணில் பண்ற வேலையைத் தலைவருக்குக் குடுத்துட்டாங்களா, பாவம்! ரெண்டாவது மயிலு. மூணாவது மந்தி. அட, சின்னதுங்க எல்லாம் முன்னாடி வருது. யாருடா கடைசி? தேவாங்கு தணிகாசலம்! அடேங்கப்பா, நம்ம தம்பிதான் சிறப்புரையா!"

டீக்கடையில் தலைவர் கையிலிருந்த டீ கீழே கொட்டியது.

ஐந்து நிமிடத்தில் அவர் அலுவலகத்துக்குள் வந்து கதவைச் சாத்தினார். "ஏன்யா, எம்பேரை எதுக்கு முதல்ல போட்டே?"

"நீங்க எப்பவும் முதல்லதாங்க இருக்கீங்க ஐயா."

"எடுத்துக் கடைசில போடு."

"கடைசின்னா, எல்லாம் முடிஞ்சு பெட்டியை அணைக்கிறப்பதாங்க வரும். பரவாயில்லீங்களா?"

"அதுதான்யா வேணும்! எல்லாத்துக்கும் அப்புறம் நான். உன்னோட மன்னிப்பு, அது இதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அதை இப்பவே தூக்கு."

தணிகாசலம் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. தலைவர் வெளியே போவதற்குள் மயில் உள்ளே நுழைந்தது. தலைவரையே அணைக்கும்போது போட்டுவிட்டால், திறக்கும்போது முதல் ஆளாக நிற்கப்போவது தான்தான் என்று அதற்குப் புரிந்துவிட்டது. மயிலைக் கீழே அனுப்பியதும் மந்தி முதல் ஆளானது. மந்தி வந்தது. இருவாச்சி வந்தது. ஆந்தை வந்தது. காலம் சென்ற யானையின் சார்பில் அதன் மச்சான் வந்தது. எல்லோருக்கும் ஒரே கோரிக்கை. எல்லோரிடமும் தணிகாசலம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டது. மாலை நாலரைக்குத் திறக்கும் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. நாற்பத்து மூன்றும் அணைக்கும் பட்டியலில்.

ஆனால் இன்னும் கண்டம் தாண்டவில்லை. ஐந்தரை மணிக்குக் காட்டுப்பன்றி வந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அலுவலகத்தைப் பூட்டும். அது தலைவரின் பழைய உத்தரவு. ஐந்து மணிக்கு அணைக்கத் தொடங்கினால் நாற்பத்து மூன்றும் அரை மணி நேரத்தில் முடியாது. முடியாதவை மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும், விட்ட இடத்திலிருந்து வந்து நிற்கும். அந்தப் பெட்டியின் பிறவிக் குணம் அப்படி. அதாவது மறுபடியும் இரண்டரை மணி நேரம். மறுபடியும் வட்டம். மறுபடியும் முதலை.

ஐந்து மணிக்குத் தலைவர் வந்தார். கூடவே எல்லோரும் வந்தார்கள்.

"போட்டுக் காட்டு" என்றார்.

பெட்டியை அணைக்காமலே வெளியே வந்து, கடவுச்சொல்லை மறுபடி அடித்தது. பதினோரு விநாடி. தலைவர் தலையாட்டினார். "சரி, இப்ப அணை. நாங்க வர்றதைப் பாப்போம்."

தணிகாசலம் விரலைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. "ஐயா, யாரை முதல்ல விடட்டுங்க?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மயில் முதல்ல வரட்டும், அழகா இருக்கும்" என்றது மந்தி.

"சேச்சே, வயசுல பெரியவங்க நீங்க இருக்கும்போது நானா? நீங்க வாங்க" என்றது மயில்.

"எங்களுக்கென்ன அவசரம்? ஆந்தையார் வரட்டும்" என்றது மந்தி.

"நான் பஞ்சாங்கம் பாத்துட்டேன், எனக்கு இன்னிக்கு முதல்ல வர நேரம் சரியில்ல" என்றது ஆந்தை.

அணிலைத் தேடினார்கள். அணிலும் மாறிவிட்டிருந்தது. "எப்பப் பாத்தாலும் நாந்தானா? நானும் சங்கம் வச்சிருக்கேன்" என்றது. நீங்கள் போங்கள், நீங்கள் போங்கள் என்று மரியாதை முற்றி, மயில் மந்தியின் வாலைக் கொத்தியது. மந்தி இரண்டு தோகை இறகைப் பிடுங்கியது. தலைவர் தரையைக் குளம்பால் உதைத்தார்.

"போதும்! வரிசையை முடிவு பண்ண ஒரு குழு போடுறேன். ஆந்தை தலைமை. குழு முடிவு சொல்ற வரைக்கும் இந்தப் பெட்டியை ஒருத்தரும் அணைக்கக் கூடாது. மெயின் சுவிட்சுலயும் யாரும் கை வைக்கக் கூடாது."

எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். தணிகாசலம் அந்தக் காகிதத்தை மெயின் சுவிட்சின் மேலேயே ஒட்டியது.

சனிக்கிழமை காலை பெட்டியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அது திறந்தே இருந்தது. ஞாயிறும் அப்படியே. திங்களும் அப்படியே. லாகின் ஆக எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்வியே காட்டில் இல்லாமல் போயிற்று. தலைவர் பக்கத்துக் காட்டுக்குப் போய், 'எங்க கம்ப்யூட்டர் சுவிட்சைப் போடுறதுக்கு முன்னாலயே திறந்துடும்' என்று பெருமை பேசிவிட்டு வந்தார். மாற்றல் உத்தரவு ரத்தானது. முதலை வருத்தம் தெரிவித்துக் கடிதம் போட்டது.

இங்கேயே கதையை முடித்திருப்பேன். தேவாங்கின் நல்ல குணம் விடவில்லை.

பத்து நாள் கழித்துத் தலைவர் குழுவோடு அலுவலகத்துக்கு வந்தார். "தணிகாசலம், உன்னைத் திட்டிட்டேன். உனக்கும் ஒரு மரியாதை பண்ணணும்னு தோணுது. அணைக்கும்போது உன் படமும் வரட்டும். எந்த இடம் வேணும், கேளு."

தணிகாசலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் யாரும் அதனிடம் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. "எனக்கு எதுக்குங்க ஐயா பெரிய இடமெல்லாம்? முதல் இடமே போதுங்க" என்றது.

ஆந்தை துள்ளி எழுந்தது. "முதல் ஆள் கெடச்சாச்சு! இதுதான் முட்டுக்கட்டையா இருந்துச்சு. தேவாங்கு முதல்ல போனா, அடுத்து அணிலுக்கு ஆட்சேபணை இருக்காது. அணில் போனா இருவாச்சி போகும். இன்னிக்குச் சாயங்காலமே வரிசை முடிஞ்சுடும், பெட்டியை அணைச்சுடலாம்!" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தது.

ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்ற செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடப்பாவி, இது ஒழுக்கமா இருந்தே நம்மளைக் கொல்லப்போகுது!" என்று சொல்லிக்கொண்டே, ஜன்னல் வழியாக ஒரு முள்ளை விட்டுத் தணிகாசலத்தின் முதுகில் நறுக்கென்று ஒரு குத்துக் குத்தியது.

தணிகாசலம் திரும்பிப் பார்த்தது. செங்கமலத்துக்குப் பின்னால் மிளாவும் அதன் கன்றும் நின்றிருந்தன. அப்போதுதான் தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று அதற்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து வேகமாக ஒரு காரியமும் செய்யாத தேவாங்கு, அன்று ஒரே பாய்ச்சலில் ஆந்தையின் பேனாவைப் பிடித்துவிட்டது.

"இல்லீங்க! வாய் தவறிடுச்சு. எனக்குக் கடைசி இடந்தான் வேணும். எல்லாருக்கும் கடைசி. தலைவர் ஐயாவுக்கும் அப்புறம்."

தலைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டது. மூடிய கண்ணுக்குள் முதலை தெரிந்தது.

தலைவர் அதன் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். "இத்தனை நாளா உங்களை நான் சாதாரண ஆளுன்னு நெனச்சிட்டேன். நின்னுக்கிட்டே பேசறீங்களே, உக்காருங்க" என்றார். ஆந்தை பேனாவை மூடி, தகராறில் உள்ள பெயர்களில் நாற்பத்து நான்காவதாகத் தணிகாசலத்தைச் சேர்த்துக்கொண்டது. குழு இன்றுவரை கூடிக்கொண்டிருக்கிறது. பெட்டி இன்றுவரை அணையவில்லை. வரிசை எட்டு மணிக்கெல்லாம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது.

நீதி: அடக்கமானவர்களை அலுவலகத்தில் வைத்திருக்காதீர்கள், 'நான் முதலில் போகிறேன்' என்று ஒரே ஒருவர் எழுந்துவிட்டால் போதும், ஊரே தாகத்தில் சாகும்.